மூணு ஜிமிக்கி இருக்கு, ஜோடி இல்லை

— இது ரெண்டும் ஜோடின்னு யாரும்மா சொன்னது?

— நான் சொல்லலை கண்ணு. அந்த மூலையில அரத்தால ராவிட்டு உக்காந்திருக்காரே, அவரைக் கேளு.

— ஐயா, இது ஜோடியா?

— ம்.

— ஒரு ஜிமிக்கியில கீழ ஒரு வரிசை மணி இருக்கு. இன்னொண்ணுல ரெண்டு வரிசை இருக்கு. என் ரெண்டு காதும் ஒரே ஆளோடதுதான் ஐயா.

— ரெண்டு வரிசைன்னுதான் பேச்சு. நான் செஞ்சதுல ரெண்டு இருக்கு. மத்ததைச் செஞ்சவங்களைக் கேளு பாப்பா.

— எப்போ பேச்சு? யாரோட பேச்சு? நாலு நாளா இந்தப் பட்டறையில ஊதுகுழல்தான் சத்தம் போடுது, மனுஷ வாய் ஒண்ணும் திறக்கலை. எனக்கென்ன கனவுலயா தெரியும், ரெண்டு வரிசைன்னு?

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். போன வாரம் நான் ஆர்டர் குடுக்க வந்தப்போ ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு இருந்தீங்களே?

— அது போன வாரம்.

— இப்போ பேச்சுவார்த்தை இல்லையா?

— இல்லை. அவர்கிட்ட ஏதாவது சொல்லணும்னா உன் வாயாலயே சொல்லிக்கோ. அப்படியே, அந்தச் சின்னச் சாமணத்தை, மணி எடுக்கற இடுக்கியை, இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.

— ஐயா, அம்மாவுக்குச் சாமணம் வேணுமாம்.

— அது அவங்க மடியிலதான் கிடக்குன்னு சொல்லு.

— அம்மா, அது உங்க...

— கேட்டுச்சு கேட்டுச்சு. எனக்கு வாய்தான் பூட்டு, காது திறந்துதான் இருக்கு.

— கடவுளே. நான் டிரைவிங் ஸ்கூல்ல கத்துக் குடுக்கறேன்மா. புருஷன் பொண்டாட்டி ஒரே வண்டியில கத்துக்க வந்தா அப்பவே கும்பிடு போட்டு அனுப்பிடுவேன். இன்னைக்குப் பாருங்க, நானே நடுவுல ஏறி உக்காந்துட்டேன்.

— நீ ஏன் நிக்கறே? அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. பாத்து, மேல தங்கப் பொடி இருக்கும். துணியால தட்டிடாதே, அந்தத் தூரிகையால கூட்டி டப்பாவுல போடு. உன் துணியோட போயிடுச்சுன்னா அப்புறம் உன்னைத்தான் உருக்கணும்.

— சரி, ஒரு சந்தேகம். ஒரே ஆள் ரெண்டையும் செஞ்சிருந்தா இந்த வம்பே இல்லையே? எதுக்கு இடது காது அம்மா, வலது காது ஐயான்னு பிரிச்சுக்கிட்டீங்க?

— போச்சு. கேட்டுட்டியா? இனி அவரை நிறுத்த முடியாது. தங்கத்தைப் பத்தின்னா மட்டும் அவருக்கு வாய் முளைக்கும்.

— அது அப்படியில்லை பாப்பா. ஒரே கை ரெண்டு செஞ்சா, ரெண்டாவது தூங்கி வழியும். முதல் ஜிமிக்கியைச் செய்யும்போது கை பயந்து பயந்து செய்யும். ரெண்டாவதுக்கு வரும்போது ‘எனக்குத் தெரியாததா’ன்னு ஒரு திமிர் வந்துடும். அந்தத் திமிர் அப்படியே தங்கத்துல தெரியும். அதனால எங்க பட்டறையில எப்பவும் ரெண்டு கை. பக்கத்துப் பக்கத்துல உக்காந்து, ஒரே நேரத்துல, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டே செய்யணும். தகடு வெட்டியாச்சா, வெட்டியாச்சு. குழியில வச்சுத் தட்டியாச்சா, தட்டியாச்சு. எங்க முப்பாட்டன் அவரோட தம்பிகூடச் செஞ்சார். எங்கப்பா எங்க அத்தைகூடச் செஞ்சார். நான்...

— நீங்க?

— ம்.

— பாத்தியா? தங்கத்தை விட்டு மனுஷங்க பக்கம் வந்ததும் வண்டி நின்னு போச்சு.

— ஐயா, நிறுத்தாதீங்க. நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு. இந்தக் காதுல மாட்டற பழக்கமே எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க.

— ஓலை.

— ஓலையா?

— பச்சை ஓலையைக் கிழிச்சு, சுருட்டி, ஓட்டையில சொருகிப்பாங்க. சுருட்டி வச்ச ஓலை சும்மா இருக்குமா? விரியப் பாக்கும். அது விரிய விரியக் காது ஓட்டையும் பெருசாகும். காஞ்சு போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற ஓலை. அப்புறம் எவனோ ஒருத்தன், தினம் ஓலை கிழிக்கச் சோம்பேறிப்பட்டவன், தங்கத்தைத் தகடாத் தட்டி அதே மாதிரி சுருட்டிக் குடுத்திருப்பான்னு எங்கப்பா சொல்வார். இந்தத் தொழிலோட கதையே சோம்பேறித்தனத்துலதான் ஆரம்பிக்குது.

— சோம்பேறிப்பட்டது அவன், வேலை செய்யறது நாங்க.

— அம்மா, இது அவர்கிட்ட சொல்லணுமா, இல்லை எனக்கா?

— பொதுவாச் சொன்னேன்.

— அப்போ ஆம்பளைங்களும் போட்டாங்களா ஐயா?

— பழைய சிலையைப் பாரு. எந்த ராஜா காது காலியா இருக்கு? ஒரு காலத்துல யார் காது தோள்ல இடிக்குதுன்னு போட்டியே நடந்திருக்கு. எவ்வளவு தொங்குதோ அவ்வளவு பெரிய மனுஷன். கனம் தாங்காம காது அறுந்தவங்களும் உண்டு. அந்தக் காலத்து ஆசாரி ஒருத்தனுக்கு மனசு கேக்காம வந்ததுதான் ஜிமிக்கியா இருக்கும். பாக்கறவங்களுக்குக் கனமாத் தெரியணும், போடறவங்களுக்குத் தெரியக் கூடாது. உள்ள வெறும் காத்து. அதுதான் அதுல இருக்கற திருட்டுத்தனம்.

— இந்தக் குட்டிக் குட்டி மணியெல்லாம் கையில உருட்டுவீங்களா?

— யாராலயும் உருட்ட முடியாது. மயிர் மாதிரி கம்பியை இழுத்து, பொடிப் பொடியா நறுக்கி, கரி மேல தூவி ஊதணும். சூடு ஏறினதும் ஒவ்வொரு துண்டும் தானா உருண்டுக்கும். நாம கையை வைக்காம இருந்தாப் போதும். அதை எடுத்து ஒட்டறதுலதான் உயிர் போயிடும்.

— இவ்வளவு அழகாப் பேசறீங்களே ஐயா, நாலு நாளா ஏன் ஊமையா இருந்தீங்க?

— ம்.

— அவர் சொல்ல மாட்டார். நான் சொல்றேன், கேட்டுக்கோ. உன்னோட ஜிமிக்கியில இடது காது என் பங்கு. மூணு நாள் உக்காந்து ஜிமிக்கிக் குடையைத் தட்டி, எத்தனை வரிசைன்னு அவர்கிட்ட பேசிக்கறதுக்கு முன்னாடியே ஆசையில மூணு வரிசை மணி வச்சு, மேல பூ மட்டும்தான் பாக்கி. மூணு வரிசை! என் ஆயுசுல அப்படி ஒண்ணு என் கையில வந்ததில்லை. கண்ணாடியில பாக்கற மாதிரி முகம் தெரிஞ்சுச்சு. சரி, ஒரு வாய் டீ குடிச்சுட்டு வருவோம்னு எழுந்திருச்சேன். தட்டுல வச்சுட்டுத்தான் போனேன்.

— கழிவுத் தட்டுல.

— அவர்கிட்ட சொல்லு, கழிவுத் தட்டு பித்தளை, நான் வச்சது வெங்கலம்!

— ஐயா, கழிவுத் தட்டு...

— கேட்டுச்சு.

— திரும்பி வந்து பாக்கறேன், மகாராஜா தங்கம் உருக்கற மூசைக் கிண்ணத்துல எல்லாத்தையும் கொட்டி ஊதிட்டு இருக்கார். வெட்டின துண்டு, ராவின பொடி, அறுந்த வளையம், அதோட என் ஜிமிக்கி. எட்டிப் பாத்தேன். ஒரே ஒரு பொட்டு, குங்குமம் மாதிரி சிவப்பா, தளதளன்னு ஆடிட்டு இருக்கு. என் மூணு வரிசை அதுக்குள்ள இருக்கு.

— ஐயையோ.

— ‘ஐயையோ’! இந்தா, நீ சொல்லிட்டே. ரோட்டுல போற பொண்ணு உனக்கு வாயில வந்துச்சு. அவருக்கு அதுகூட வரலை. நிமிந்து பாத்தார், குனிஞ்சார், ஊதினார்.

— உண்மையாவா ஐயா? ஒண்ணுமே சொல்லலையா?

— தீ அணைஞ்சுடும்னு பாத்தேன்.

— தீ அணையலை, நல்லாத்தான் எரியுது. நாலு நாளா இங்கே எரியுது.

— சரி, இறங்கி வாங்கம்மா. இப்போ எனக்கு வழி சொல்லுங்க. இன்னைக்குச் சாயங்காலம் நான் இதைப் போட்டுக்கிட்டுப் போகணும். வேற ஒண்ணும் செய்ய முடியாதா? அதோ, அம்மா பலகை ஓரத்துல ஒரு ஜிமிக்கி இருக்கே, ரெண்டு வரிசையோட? அது ஐயா செஞ்சதுக்கு அப்படியே ஜோடியாத்தானே இருக்கு?

— அது நான் செஞ்சது இல்லை.

— அப்போ யார் செஞ்சது?

— உருக்கினவரே செஞ்சார். மறுநாள் காலையில வந்து பாக்கறேன், என் பலகையில இருக்கு. நான் தொடலை. நான் தனியா உக்காந்து என்னோடதைப் புதுசாச் செஞ்சேன். மூணு வரிசை வைக்க மனசு வரலை, ஒரு வரிசையோட விட்டேன்.

— அட, மூணு ஜிமிக்கி இருக்கு, ஜோடி இல்லைன்னா இது நல்ல கூத்து! ஐயா செஞ்ச ரெண்டையும் குடுங்க, நான் கிளம்பறேன்.

— எடுத்துக்கோ. எனக்கென்ன?

— அது விக்கறதுக்கு இல்லை.

— ஏன் ஐயா?

— அது உன்னோடது இல்லை பாப்பா.

— அப்போ?

— சும்மா வச்சேன்.

— யாருக்கு?

— யார் பலகையில இருக்கோ, அவங்களுக்கு.

— அம்மா, அது உங்களுக்காம்.

— நான் என்னத்தைச் சொல்ல? முப்பது வருஷமா இதே கதைதான். சண்டை போட்டா மறுநாள் என் சாமணமெல்லாம் கூர் தீட்டி இருக்கும். என் ஊதுகுழல்ல அடைப்பு எடுத்து இருக்கும். ஒரு தடவை பெரிய சண்டை. நான் உக்கார்ற முக்காலிக்குக் கால் மாத்தி, பஞ்சு வச்சு, தோல் போட்டுத் தச்சு வச்சிருந்தார். நீ இப்போ உக்காந்திருக்கியே, அதுதான்.

— ஓ.

— என்ன ‘ஓ’?

— இல்லை... ஒரு நிமிஷம். என் ஸ்கூட்டர் பிரேக்.

— பிரேக்குக்கு என்ன?

— நான் ஏன் சாயங்காலம் போகணும்னு சொன்னேன் தெரியுமா? ஒருத்தருக்குப் பதில் சொல்லணும்மா. கட்டிக்கறியான்னு கேட்டிருக்கார். நல்ல மனுஷன்தான். சிரிப்பார், சமைப்பார், குடிக்க மாட்டார். ஒரே ஒரு குறை. சண்டைன்னு வந்துட்டா வாயை மூடிக்குவார். இண்டிகேட்டர் போடாம திரும்பிப் போற வண்டி மாதிரி. நான் கத்திட்டே இருப்பேன், அவர் சுவத்தைப் பாத்துட்டே இருப்பார். போன மாசம் அப்படித்தான். நான் அழுதுட்டே வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் பாத்தா என் ஸ்கூட்டர் பிரேக் சரி பண்ணி இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை என் குடை. அதுக்கும் முன்னாடி எங்க வீட்டு ஜன்னல் கொக்கி. இவனுக்கு மனுஷங்க முக்கியம் இல்லை, சாமான்தான் முக்கியம்னு நினைச்சேன்.

— அடப் பாவமே.

— அது மன்னிப்பாம்மா? அந்தக் குடை?

— மன்னிப்புதான். இந்த ஜாதி ஆம்பளைங்களுக்கு அது கையிலதான் வரும், வாயில வராது.

— தெரிஞ்சிருந்தா அந்தக் குடையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டேனே.

— தூக்கிப் போட்டியா?

— கோபத்துல அவர் எதிர்லயே போட்டேன்.

— பாவம் அந்தப் பையன்.

— ஐயா, இப்போ யார் பக்கம் பேசறீங்க?

— அப்படியே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுடாதே கண்ணு. நான் சொல்றதைக் கேளு. குடை நல்லதுதான். முக்காலி நல்லதுதான். ஆனா ராத்திரி படுத்தா முக்காலியா வந்து ‘உன் மனசு நொந்துச்சா’ன்னு கேக்கும்? ஒரு வார்த்தைக்கு ஏங்கி ஏங்கி நான் பாதி ஆயுசைப் போக்கிட்டேன். மனசாரச் சொல்றேன், வேண்டாம்னு சொல்லிடு. அப்படியே கட்டிக்கறதா இருந்தா முதல்ல அவனைப் பெத்தவங்களைப் போய்ப் பாரு. அப்பன் எப்படியோ பிள்ளை அப்படி.

— பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்.

— பையன் என்ன வேலை?

— வேலைக்கெல்லாம் குறைச்சல் இல்லை. குறையெல்லாம் வாய்தான். சரி, முதல்ல என் காதுக்கு வழி பண்ணுங்க. அம்மா, உங்க ஜிமிக்கியில இன்னும் ஒரு வரிசை மணி ஏத்த முடியாதா?

— முடியும். தனியா முடியாது. முடிஞ்ச குடையில புதுசா மணி வைக்கணும்னா ஒரு கை சாமணம் பிடிக்கணும், ஒரு ஆள் ஊதணும். ஊதறவங்க எங்கே நிறுத்தணும்னு வைக்கறவங்க சொல்லணும். கொஞ்சம் சூடு அதிகமாச்சுன்னா பழைய ஒட்டெல்லாம் விட்டுக்கிட்டு மணியெல்லாம் கொட்டிடும்.

— அப்போ ஐயா ஊதட்டும்.

— ஊதட்டும். நான் பேச மாட்டேன். அவர் முதல்ல பேசட்டும்.

— ஐயா, கேட்டுச்சா? பந்து உங்ககிட்ட.

— இதுல பேச என்ன பாப்பா இருக்கு? வேலைன்னா செய்ய வேண்டியதுதான். கரியைத் தள்ளச் சொல்லு.

— தள்ள மாட்டாங்க. நான் ஒண்ணு சொல்லட்டுமா? முதல் நாள் வண்டி ஓட்ட வர்றவங்க எல்லாரும் இப்படித்தான். சாவி கையில இருக்கும், திருக மாட்டாங்க. திருகுங்க ஐயா. வண்டி கடிச்சுடாது.

— அது வந்து... அன்னைக்கு ஜன்னல் பக்கம் வெளிச்சம் சரியில்லை.

— அது ரிவர்ஸ். முன்னாடி போங்க.

— தட்டு ரெண்டும் ஒரே அளவா இருக்கறது ஒரு தொல்லை. எத்தனையோ தடவை வேற வாங்கணும்னு...

— இன்னும் ரிவர்ஸ்லதான் இருக்கீங்க. பின்னாடி சுவர் வந்துடுச்சு.

— என்ன சொல்லச் சொல்றே?

— நான் சொல்லித் தர மாட்டேன். ஸ்டியரிங் உங்க கையில. அந்தப் பக்கம் பாத்து ஓட்டுங்க, என்னைப் பாக்காதீங்க.

— விடு கண்ணு. அவருக்கு வராது. அரக்கு காஞ்சு போற மாதிரி தொண்டையில காஞ்சு போயிடும்.

— ...மூணு வரிசை வச்சிருந்தே.

— ம்?

— நீ டீ குடிக்கப் போனதுக்கு அப்புறம் பாத்தேன். எடுத்து ஜன்னல் பக்கம் காட்டிப் பாத்தேன். ஒரு மணி விலகலை. எனக்கு அப்படி வராது. பாத்துட்டுத் திரும்ப வைக்கும்போது நான்தான் தட்டை மாத்தி வச்சுட்டேன். நீ வைக்கலை. நான்தான். அப்புறம் பாக்காம அள்ளி மூசையில போட்டுட்டேன். அது உருகும்போதுதான் தெரிஞ்சுது. ரெண்டாவது செஞ்சேனே, அதுல உன்னை மாதிரி மூணு வரிசை வைக்கத்தான் பாத்தேன். ரெண்டுக்கு மேல கை வரலை. தப்பு என்னோடதுதான்.

— கேட்டுச்சாம்மா?

— இரு கண்ணு. இந்தக் கரிப் புகை கண்ணுல.

— அடுப்பே இன்னும் பத்த வைக்கலையேம்மா.

— நீ சும்மா இரு. ஏங்க.

— ம்.

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— ஏய்.

— கடைசி வரி மட்டும்.

— தப்பு என்னோடதுதான். போதுமா?

— போதும். கரியை இந்தப் பக்கம் தள்ளுங்க. அந்த ஈர மண்ணையும் எடுங்க, பழைய வரிசைக்குப் பூசணும்.

— பூசியாச்சு. குடையைத் திருப்பு. பிடிச்சுக்கிட்டியா?

— பிடிச்சாச்சு. ஊதுங்க. மெல்ல. இன்னும் மெல்ல. கொஞ்சம் இடது பக்கம்.

— போதுமா?

— இன்னும் ஒரு மூச்சு. நிறுத்துங்க! உக்காந்துடுச்சு. அடுத்தது.

— எனக்கு ஒரு டீ கிடைக்குமா? இதைப் பாத்தா எனக்கே மூச்சு முட்டுது.

— வெளியில கடை இருக்கு, மூணா வாங்கிட்டு வா. இவருக்குச் சர்க்கரை வேண்டாம். வேண்டாம்னு வாயால சொல்ல மாட்டார், குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிப்பார்.

— இன்னைக்குச் சர்க்கரை போடட்டும்.

— பாருடா! சரி போட்டே வாங்கிட்டு வா.

...

— ஆஹா. வாசல்லேயே கேக்குது உங்க ரெண்டு பேர் சத்தமும். டீ ஆறிடும், எடுத்துக்கோங்க. முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. முக்காலியில நேரா உக்காரு. தலையை ஆட்டாதே. ஏங்க, இந்தப் பொண்ணுக்கு வலது காது கொஞ்சம் மேல இருக்கு பாருங்க.

— இருக்கு. எல்லாருக்கும் இருக்கும். இடது கொக்கியை ஒரு நூல் குறைச்சுடறேன், அப்போ தொங்கும்போது சமமா நிக்கும்.

— இது மெஷின்ல வராது கண்ணு. மெஷினுக்கு உன் காது எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்? இப்போ கண்ணாடியைப் பாரு.

— ஐயோ. ஜோடியா இருக்கும்மா.

— ஜோடிதான். கிட்டக்கப் பாத்தா ரெண்டும் வேற வேற கைன்னு தெரியும். ஆட்டிப் பாத்தா ஒண்ணாத்தான் ஆடும். சரி, சொல்லு. சாயங்காலம் அந்தப் பையன்கிட்ட என்ன சொல்லப் போறே?

— சரின்னு சொல்லப் போறேன்.

— நான் அவ்வளவு சொல்லியும்? அவசரப்படாதே கண்ணு. இந்த மாதிரி ஆளை வாய் திறக்க வைக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு, அதுவும் இன்னைக்கு நீ வந்து நெம்பினதாலதான். அங்கே அவனை யார் நெம்புவா?

— நானேதான். அப்பாவையே பேச வச்சாச்சு, உங்க பிள்ளை எம்மாத்திரம், அத்தை?